சம்புக்குப் போன குழாய்

என் வயதொத்தவர்களே, உணவருந்திக்கொண்டே படிக்கும் பழக்கம் உடையவராயின் இதை இப்போது மூடி வைத்துவிடுங்கள். தலையில் நரையும் கண்ணில் வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்தபின் நம்மில் பலர் பிள்ளைப் பருவத்தை எழுதப் புகுந்திருக்கிறோம். எழுதுவோர் அனைவரும் மணங்களையே எழுதுகின்றனர். என்னிடம் உள்ளது நாற்றம். பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையும் குறிக்கும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்பவள்தான் நான். இங்கே அப்பொருளில் சொல்லவில்லை.

கடந்த நூற்றாண்டு முடியவிருந்த காலம். இராயபுரத்தில், துறைமுகத்துச் சங்கொலி தெளிவாகக் கேட்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. வீடு அத்தைக்கு உரியது. அப்பாவின் மூத்த தமக்கை அவர், மணம் புரியாதவர், நாள் தவறாமல் காலைப் பூசைக்குச் சென்று வருபவர், கை கழுவிய பிறகும் அந்தக் கையை முகர்ந்து பார்த்து மறுபடி கழுவுபவர். முன்கட்டில் அத்தையும், அப்பாவும் அம்மாவும் நானும் இருந்தோம். பின்கட்டில் இருந்த ஒற்றை அறையில் ஓர் இளங்குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவர் குப்பை வண்டியில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போய்வரும் துப்புரவுப் பணியாளர். மனைவியை நான் அக்கா என்றழைத்தேன். அவர்களுக்கு அப்போதுதான் தளர்நடை பழகிய ஓர் ஆண் குழந்தை. கணவரின் தொழிலைக் கேட்டதும் அறை இல்லை என்று சொன்ன வீடுகளை அக்கா அம்மாவிடம் தெருத் தெருவாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அலைந்து திரிந்து கிடைத்த அறை அது. அதை விட்டால் அவர்களுக்கு வேறு இடமில்லை.

முற்றத்தில், நிலத்துக்கு அடியில் நீர்த்தொட்டி இருந்தது. சென்னைக்காரர் எவரும் அதை நிலத்தடி நீர்த்தொட்டி என்று சொல்வதில்லை; சம்ப் என்பர். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். வேற்றுமொழிச் சொற்களை என் எழுத்தில் நான் கூடியவரை அண்டவிடுவதில்லை. ஆயினும் இந்நிகழ்ச்சி முழுவதும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. தெருக்குழாய் நீர் சம்பில் வந்து சேரும். மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து முன்கட்டின் சமையலறைக்கும் குளியலறைக்கும் குழாய்கள் இறங்கும். பின்கட்டுக்குக் குழாய் கிடையாது. அக்கா சம்பின் இரும்பு மூடியைத் தூக்கிக் கயிறு கட்டிய வாளியால் மொண்டுகொள்வார். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அனைவர்க்கும் அந்த ஒரே நீர்தான்.

கூடத்தில், விருந்தினர் கண்ணில் முதலில் படும் இடத்தில் அப்பாவின் மீன்தொட்டி இருந்தது. துறைமுக அலுவலகத்து எழுத்தரான அவருக்கு வேறு ஆசைகள் இருந்ததாக நினைவில்லை. தங்கமீன்கள், கறுப்புச் சிறகு விரித்த மீன்கள், எண்ணற்ற கப்பி மீன் குஞ்சுகள், கண்ணாடியை உறிஞ்சியபடியே கிடக்கும் ஒரு கரிய மீன். குமிழி விடும் நெகிழிப் பொம்மை ஒன்று. வெளியிலிருந்து பார்க்க அழகுதான். உள்ளே இருந்தது என்னவென்று ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியும். அப்பா ஒரு நெகிழிக் குழலைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார். நீர் இறங்கி வரும். சில வேளை அவர் வாய்க்குள்ளும் வரும். முற்றத்தில் போய்க் காறித் துப்பிவிட்டு, அதே வாயைத் துடைத்துக்கொண்டு சிற்றுண்டிக்கு உட்காருவார். வாளியில் இறங்கிய நீர் பழுப்பாகவும் நுரையாகவும் இருக்கும். அதன் அடியில் நூல்நூலாக மீன்களின் கழிவு படியும்.

அதனினும் கொடியது புழு. தலைமயிரின் பருமனில், செக்கச் சிவந்த புழுக்கள். சாக்கடைச் சேற்றில் விளைபவை. அவற்றை வாரி அலசி, பைகளில் கட்டி வளர்ப்பு மீன் கடைகளில் விற்பர். அப்பா அதை ஒரு சிறு தட்டில் கவிழ்த்துச் சமையலறைக் குழாயின் அடியில் சொட்டுநீர் படும்படி வைப்பார். ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தச் சிவப்புக் கட்டி ஒரே உடல்போலச் சுருங்கி விரியும். அதற்கு ஒரு சாண் தள்ளி எங்கள் காப்பி வடிகட்டி இருந்தது.

"இத எங்கியாவது வெளியில வைங்களேன். கொமட்டுது," என்பார் அம்மா.

"உயிரோட இருந்தாத்தான்டி மீனு தின்னும்," என்பார் அப்பா.

அந்த ஆண்டு மழைக்குச் சற்று முன்பாக அப்பா அலுவல் நிமித்தமாக ஓர் அயல்நாட்டுக் கப்பலில் ஏறினார். மாலுமிகள் உண்ணும் அறையில் ஒரு பெரிய மீன்தொட்டியைக் கண்டார். அதன் மேல்விளிம்பில் நிரம்பி வழிந்த நீர் ஓசையின்றி ஒரு குழாய்க்குள் இறங்கியது. எங்கே போகிறது என்று ஒரு மாலுமியிடம் கேட்டாராம். சம்புக்கு என்றாராம் அந்த மாலுமி. அங்கிருந்து மோட்டார் அதை மேலே ஏற்றுகிறது. கையால் நீர் மாற்றும் வேலையே இல்லை. கப்பலில் இருந்த சம்ப் மீன்தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள் மறைந்திருக்கும் ஒரு தனிக் கண்ணாடிப் பெட்டி என்பதை இன்று நான் அறிவேன். மீன்தொட்டிக்கென்றே அமைந்த வடிபெட்டி அது. அப்பா அந்த அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. அவர் அறிந்த சம்ப் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் முற்றத்தில் இருந்தது.

அம்மாவும் நானும் ஊருக்குச் சென்றிருந்த நாளில், அத்தை பூசையில் இருந்த வேளையில், பின்கட்டிலும் ஆள் இல்லாதபோது, அப்பா குழாய்ப் பணியாளரை அழைத்து வந்தார். இருவரும் பேசிக்கொண்டதைப் பின்னர் அந்தப் பணியாளரே முற்றத்தில் நின்று நடித்துக் காட்டினார். அவர் காட்டியபடியே எழுதுகிறேன்.

"இத்தப் போயி கப்பல்ல இன்னாத்துக்கு நைனா பாத்த? உன் வூட்லயே சம்பு கீது, மோட்ரு கீது, மாடில டேங்கு கீது. கண்ணாடில ஓட்டைய போட்டு குழாய சொருவ வேண்டிதான் பாக்கி."

"குடிக்கிற தண்ணியாச்சேப்பா."

"கெணத்துல மீனு வுடறாங்கோ. அந்தத் தண்ணிய குடிக்கலியா? மீனு கீற தண்ணிதான் சுத்தம். கொசு முட்டைய பூரா துன்னுடும்."

"அதுவும் சரிதான்."

இவ்வளவே. தொட்டியின் பக்கவாட்டில் துளையிட்டு, மீன் நுழையாதபடி ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டி, வெள்ளைக் குழாயைப் பொருத்திச் சுவரோரமாகக் கொண்டுபோய், வாயிற்படிக்கு அடியில் புதைத்து, மூடியைத் தூக்கினாலும் தெரியாத மூலையில் சம்பில் விட்டனர். மாடித் தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இரவும் பகலும் மீன்தொட்டிக்குள் நீரைச் சொட்டியது. அது நிரம்பி வழிந்து சம்புக்குப் போயிற்று. சம்பிலிருந்து மோட்டார் அதை மாடிக்கு ஏற்றியது. மாடியிலிருந்து மீனுக்கும் எங்களுக்கும் மறுபடி வந்தது.

ஊரிலிருந்து திரும்பிய அம்மா சுவரோரக் குழாயைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தண்ணி எங்கங்க போவுது?"

"வெளியில," என்றார் அப்பா.

சம்பும் வெளியில்தானே இருந்தது.

மீன்கள் அதன்பின் அடைந்த வளத்தை நான் மறுக்கவில்லை. தொட்டி பளிங்குபோலத் தெளிந்தது. தங்கமீன்களின் செதில்கள் மின்னின. அலுவலக நண்பர்கள் வந்து பார்த்து வியந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் குழலை வாயில் வைக்கும் தொல்லை அப்பாவுக்கு ஒழிந்தது. அவர் வாயில் மட்டும் அதுவரை போய்வந்த நீர் இப்போது எங்கள் அனைவர் வாயிலும் போயிற்று.

முதலில் நீரின் தன்மை மாறியது. பானையின் உட்புறம் வெண்டைக்காயை அரிந்த கைபோல வழுவழுப்பாயிற்று. அம்மா தேய்த்துக் கழுவுவார். மறுநாள் மீண்டும் அதே வழுவழுப்பு. வடித்த சோற்றில் ஒரு பச்சை வாடை. குளித்துத் துவட்டிய கூந்தலில், காசிமேட்டில் மீன் கூடை இறக்கிய இடத்தின் வாடை. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள். அத்தை நறுமணச் சோப்பை மாற்றினார். பிறகு எண்ணெயை மாற்றினார். பிறகு காற்றைக் குறை சொன்னார். மணலி ஆலைகளின் புகை மாலைகளில் வருவதால் எதையும் அதன் தலையில் ஏற்றிவிடலாம்.

அடுத்து வயிறு. எங்களுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு வந்து நின்றது. பின்கட்டுக் குழந்தைக்கு நிற்கவில்லை. கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, அழவும் வலுவற்றுப் போன அக்குழந்தையை அக்கா தோளில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார். கையில் ஊசி குத்தி நீர் ஏற்றிப் பிழைக்க வைத்தனர். வீடு திரும்பிய குழந்தைக்கு அக்கா அதே சம்பில் மொண்டு, அதே நீரைக் கொடுத்தார்.

ஒரு காலை பூசையிலிருந்து வந்த அத்தை, வெள்ளிக் குவளையில் நீரை ஊற்றி அண்ணாந்தார். பாதியில் நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ விரல்நுனியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பாக, மயிரிழைபோல, அது அவர் விரலில் சுருண்டு விரிந்தது.

அவர் போட்ட கூச்சலில் அம்மாவும் நானும் முற்றத்துக்கு ஓடிவந்தோம்.

"சாக்கடப் புழு! என் வாய்க்குள்ள சாக்கடப் புழு! இந்த வீட்டுக்குள்ள சாக்கடை எப்படி வரும்? எவன் காலோட, எவன் கையோட வரும்? எனக்குத் தெரியாதா?"

அக்கா அப்போதுதான் வாளியுடன் வந்திருந்தார். "இன்னாம்மா சொல்றீங்கோ?"

"உன் வாளியத்தான் சொல்றேன். கொடுங்கையூர்ல எத எதையோ அள்ளிட்டு வரான் உன் புருசன். அந்தக் கையால புடிச்ச கயித்த எங்க சம்புக்குள்ள விடற."

"அவரு தண்ணியே சேந்தறதில்லம்மா, நாந்தான் சேந்தறேன். தெனிக்கும் சோப்பு போட்டுத் தேய்க்கிற பக்கெட்டும்மா இது. இந்தாங்கோ, மோந்து பாருங்கோ."

"ச்சீ! தள்ளி நில்லு!"

"எம்புள்ளயும் இந்தத் தண்ணிய குடிச்சிதான ஆஸ்பத்திரில கெடந்திச்சி? எம்புள்ளைக்கு நானே புழுவ ஊத்துவனா?"

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க. தெரியாமப் பேசாதீங்க," என்றார் அம்மா.

"நீ சும்மா இரு. மீனுக்குப் போடற புழு தட்டுலதான கெடக்கு, சம்புக்குள்ள எப்படிப் போவும்? வாடகைக்கு வெச்சது என் தப்பு. மாசம் முடியட்டும், ரூமைக் காலி பண்ணிட்டுக் கெளம்பச் சொல்லு."

அக்காவின் முகம் அந்தச் சொல்லில் வெளுத்தது. புழுவைப் பற்றிய பழிக்கு வாதாடியவர் அறையைப் பற்றிய பேச்சு வந்ததும் வாதாடவில்லை. "இந்தப் புள்ளைய வெச்சிகினு எங்கம்மா போவேன்?" என்றார், குரல் இறங்கி.

அப்பா எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். கூடத்தில், திறந்த கதவின் வழியே எங்களுக்கு முதுகு தெரியும்படி நின்றிருந்தார். மீன்களுக்கு உணவு கொடுக்கும் நேரம் அது. தட்டிலிருந்த சிவப்புக் கட்டியிலிருந்து பற்குச்சியால் ஒரு கிள்ளு எடுத்துத் தொட்டிக்குள் உதறினார். அது பிரிந்து இழை இழையாக இறங்கியது. மீன்கள் கொத்தியவை போக மீந்தவை மேல்விளிம்புத் துளையை நோக்கி மெல்ல மிதந்தன. மாதம் முடிந்ததும் ஒரு குடும்பம் தெருவுக்குப் போகவேண்டும் என்ற தீர்ப்பு அவர் காதில் விழுந்துதான் இருக்கவேண்டும். அவர் மற்றொரு கிள்ளு எடுத்தார்.

சம்பின் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவி அத்தையின் இடுப்பில். அக்கா குழந்தையை ஒரு கையிலும் குடத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு தெருமுனை அடிகுழாயில் வரிசையில் நின்றார். ஆனால் வாளி இறங்காத சம்பிலிருந்தும் எங்கள் குழாய்களில் புழு வந்தது. அத்தை அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: பழைய அழுக்கு; போகப்போகச் சரியாகும். அம்மா நீரைக் கொதிக்க வைத்துத் துணியில் வடிகட்டினார். துணியில் தங்கியதை என்னைப் பார்க்க விடமாட்டார். நான் பார்த்தேன். வெந்த புழு வெளிறி விடும்.

ஒருநாள் மோட்டார் உறுமியதே தவிர நீர் ஏறவில்லை. அதே குழாய்ப் பணியாளர் வந்தார். அத்தை பூட்டைத் திறந்துவிட்டார். மூடியைத் தூக்கியதும் எழுந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்வரை பின்வாங்கினேன். பணியாளர் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐயே! நைனா, இங்க வந்து பாரு! இன்னாபா இது, உன் சம்பு காசிமேடு மாரி கீது!"

உள்ளே நீரின் மேல் பாசியும் எண்ணெய் போன்ற ஆடையும் படர்ந்திருந்தன. அதன் கீழே கப்பிக் குஞ்சுகள், மணலை அள்ளி வீசியதுபோல, கூட்டம் கூட்டமாக. மோட்டாரின் உறிஞ்சு குழாயை அவர் இழுத்து மேலே போட்டார். அதன் வாயைச் சளி போன்ற ஒன்று அடைத்திருந்தது. அதில் சிவப்பு இழைகள் நெளிந்தன. நடுவே ஊறி வெளுத்து, கண் கழன்ற ஒரு தங்கமீன். பூனை தின்றுவிட்டது என்று அப்பா சொல்லியிருந்த தங்கமீன் அது. துளையில் கட்டிய கொசுவலை எப்போதோ அவிழ்ந்து போயிருந்தது.

"இது எப்படிச் சம்புக்குள்ள வந்துச்சு?" என்றார் அம்மா.

"வேறெப்டிக்கா வரும்? குழாய்லதான் வந்துகினு கீது. சம்புக்கு வுடுன்னுதான நைனா சொன்னாரு?" என்று தொடங்கிய பணியாளர், தம் மீது குற்றம் வந்துவிடக் கூடாதென்ற பதற்றத்தில், குழாய் போட்ட நாளின் உரையாடலை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டி முடித்தார்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் வெட்கம் இருந்தது, எரிச்சல் இருந்தது, வியப்பு மட்டும் இல்லை. அப்போது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அத்தையின் விரலில் புழு சுருண்ட அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. புழுவைக் குடித்ததைவிட எனக்கு இன்றும் குமட்டுவது அதுதான்.

"வலையை ஒழுங்காக் கட்டச் சொன்னேன். கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது," என்றார் அப்பா.

"வல கட்டினா மீனு வராது நைனா. பீயி வராதா?"

அக்காவும் கணவரும் பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களிடம் யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழாய்ப் பணியாளர் வாளி வாளியாக இறைத்து முழங்கால் அளவுக்கு நீரைக் குறைத்துவிட்டு, கீழே இறங்கிச் சேறு வாருவது தம் வேலையன்று எனக் கைகழுவிக்கொண்டார். அப்போது அப்பா பின்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, நீ கொஞ்சம் எறங்கி வாரி விட்டுடேன். உனக்குப் பழக்கம்தானே."

அக்காவின் கணவர் வேட்டியை மடித்துக் கட்ட முற்பட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்காளு கை பட்டா புழு வந்துடும் சார்," என்றார். "அவரு ஊர்க் குப்பைய அள்ளுவாரு, அது அவரு வேல. நீங்கோ மீனு பீய குடிச்சிகினு இருந்தீங்கோ. அத்த நீங்களே அள்ளிக்கோங்கோ."

பின்னர் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரும்புப் படிகளைப் பற்றிச் சம்புக்குள் இறங்கினார். தென்னந் துடைப்பம் சுவரைத் தேய்க்கும் ஓசை அடியிலிருந்து கேட்டது. சற்று நேரம் கழித்து அப்பா சம்பின் வாயருகே குந்தி உட்கார்ந்தார்.

"பாத்து," என்றார் உள்ளே குனிந்து. "குட்டி மீனுங்கள மிதிச்சிடாத."

துடைப்ப ஓசை நின்றது.

"என்னங்க," என்றது அம்மாவின் குரல். அந்தக் குழிக்குள் அது வேறு யாருடைய குரலோ போல முழங்கியது. "போய் அவங்கள இருக்கச் சொல்லுங்க. தப்பு நம்மளுதுன்னு சொல்லுங்க. சொல்லாம நான் ஏறி வரமாட்டேன்."

"வெளியில வா மொதல்ல."

"வரமாட்டேன்."

நான் குனிந்து பார்த்தேன். முழங்கால்வரை பச்சைச் சேற்றில், முழங்கைவரை சளி அப்பிய கைகளுடன், அண்ணாந்து நின்றிருந்தார். கன்னத்தில் ஒரு சிவப்பு இழை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவரிடம் சுத்தமான விரல் இல்லை. அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். வெகுநேரம் சென்றபின் அப்பா எழுந்து பின்கட்டு வாசலுக்குப் போனார்.

"நீங்க இருந்துக்கலாம்," என்றார். தவறு யாருடையது என்பதைச் சொல்லவில்லை.

அக்கா அவரைக் கடந்து முற்றத்துக்கு வந்து, தாம் தொடக்கூடாதென்று பூட்டி வைத்திருந்த சம்பின் விளிம்பில் மண்டியிட்டார்.

"எக்கா, ஏறி வாங்கோ. காலு ஊறிப்பூடும்."

"இருப்பீங்களா?"

"மாட்டங்கா. எங்க போவன்னு தெரியல. ஆனா இந்த வூட்டுத் தண்ணிய எம்புள்ள வாயில ஊத்த இனிமே எனக்கு அருவருப்பா கீது."

அம்மா ஏறி வந்தார்.

மாதம் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அக்காவின் அண்ணன் புளியந்தோப்பிலிருந்து மூன்று சக்கர வண்டியுடன் வந்தார். அவருடைய வீடும் ஓர் அறைதான் என்றும், அதில் ஏற்கெனவே அறுவர் இருக்கின்றனர் என்றும் பேச்சில் தெரிந்தது. பாய், அடுப்பு, துணிமூட்டை, அந்த வாளி. அவற்றின் மேல் குழந்தை. அப்பா கூடத்தில் இருந்தார். குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது.

வண்டி தெருமுனை திரும்பியதும் அத்தை பின்கட்டுக்கு வந்தார். நான் அவர் பின்னே போனேன். அறையில் என்ன இருக்கும் என்று பார்க்கும் ஆவல். அத்தனை பேச்சுக்கும் காரணமான அழுக்கை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல். மூலைகளில் பார்த்தேன். அடுப்பு இருந்த மாடத்தில் பார்த்தேன். கதவிடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். போகுமுன் அக்கா பெருக்கித் துடைத்து, துடைத்த துணியையும் அலசிக் கொடியில் உலர்த்திவிட்டுப் போயிருந்தார். தரை இன்னும் முழுவதும் காயவில்லை.

"தள்ளிப் போடி, கால வெக்காத," என்றார் அத்தை. பினாயில் புட்டியைத் திறந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அந்தத் தரையில் கவிழ்த்தார்.